வேர்ப்பட்டியலும் சொல்லறிவும்: இலத்தீன் வேர்வழி ஆங்கிலச் சொற்கல்வி குறித்து ஒரு மறுப்பு

முன்னுரை

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்புவார்க்கு இன்று நாடெங்கும் ஒரு வழி காட்டப்படுகிறது. இலத்தீன், கிரேக்க வேர்கள் சில நூற்றை மனப்பாடம் செய்க. முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்க. ஆயிரக்கணக்கான சொற்களின் பொருள் தானே விளங்கிவிடும் என்பதே அவ்வழி. போட்டித் தேர்வுக் கையேடுகளும் பயிற்சி நிறுவனங்களும் இதனை ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே வழங்கிவருகின்றன. தமிழ்வழிப் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவர்க்கு இது சிறப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆங்கிலச் சூழலில் வளராதவர்க்கு இதுவே குறுக்குவழி என்பது பரிந்துரைப்போர் கூற்று.

இக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேர்கள் பயனற்றவை என்று ஈண்டு வாதிடப்படவில்லை. பட்டியலாகக் கற்பிக்கப்படும் வேர், தெரியாத சொல்லைத் திறக்கும் திறவுகோல் ஆகாது. தெரிந்த சொற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கயிறாகவே அது பயன்படும் என்பதே வாதம். இவ்வேறுபாட்டை உணர்வதற்கு வேண்டிய இலக்கணப் பயிற்சி தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே உள்ளது. அதனைப் பயன்கொள்ளாது அவரைப் பட்டியல் ஒப்பிக்கச் செய்தல் முறையன்று என்பது இதன் தொடர்ச்சியாக அமையும் கருத்து.

ஆங்கிலத்துள் இலத்தீன்

மறுக்கப்புகும் கருத்தின் வலிமையை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் கடமை. ஆங்கிலம் செருமானியக் கிளையைச் சார்ந்த மொழி. எனினும் இலத்தீன் அதனுள் பல காலங்களில் பல வாயில்கள் வழியாகப் புகுந்தது. கி.பி. 597இல் அகஸ்டின் தலைமையிலான சமயத் தூதுக்குழு கெண்ட் பகுதியை அடைந்த பின்னர்ச் சமயம் சார்ந்த சொற்கள் வந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், இலத்தீனின் மகளாகிய பிரெஞ்சு வழியாக ஆட்சி, சட்டம், உணவு முதலிய துறைச் சொற்கள் பெருகின. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து நேரடியாகவே சொற்களை எடுத்தாண்டனர்.

இதன் விளைவை அளந்து காட்டிய முயற்சிகளும் உள. ஃபிங்கன்ஸ்டேட், வுல்ஃப் என்னும் இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்ஸ்போர்டு சிற்றகராதியின் ஏறத்தாழ 80,000 சொற்கள் மூலம் நோக்கி வகைப்படுத்தப்பட்டன. இலத்தீன் வழிப்பட்டவை ஏறத்தாழ 28 விழுக்காடு. பிரெஞ்சு வழிப்பட்டவையும் ஏறத்தாழ 28 விழுக்காடு. செருமானிய மூலம் உடையவை 25 விழுக்காடு. அகராதியின் பாதிக்கு மேல் இலத்தீன் அல்லது அதன் வழிமொழி என்னும் இக்கணக்கே வேர்வழிக் கல்விக்கு அடித்தளமாகக் காட்டப்படுகிறது.

ஆனால் அகராதிக் கணக்கும் வழக்குக் கணக்கும் ஒன்றல்ல. அகராதியில் ஒவ்வொரு சொல்லும் ஒருமுறையே எண்ணப்படும். எழுத்திலும் பேச்சிலும் மிகுதியாகப் பயிலும் முதல் நூறு சொற்களை எடுத்துக்கொண்டால் அவை ஏறக்குறைய முழுமையும் செருமானியச் சொற்களே. வருதல், போதல், கொடுத்தல், எடுத்தல், வைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாட வினைகளுக்கு இலத்தீன் வேர் யாதொரு துணையும் செய்யாது. அவ்வினைகள் சிற்றிடைச்சொற்களோடு கூடிப் பொருள் மாறும் வழக்குகளே நம் மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துகின்றன. ‘போஸ்ட்போன்’ என்பதன் பொருளை அறிந்த மாணவர், அதே பொருளில் வரும் ‘புட் ஆஃப்’ என்பதைக் கண்டு மயங்குவர். பட்டியல் இங்கே வாய் திறப்பதில்லை.

கல்வித்துறை எழுத்து இதற்கு வேறானது. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தளித்த கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்வித்துறை நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இவை நிரப்புகின்றன. இவற்றுள் பெரும்பான்மையானவை இலத்தீன், கிரேக்க மூலமுடையவை. ஆகவே ஆய்வு மாணவர்க்கு இலத்தீன் வேரறிவு தேவை என்பதில் ஐயமில்லை. அதனை எம்முறையில் பெறுவது என்பதே வழக்கு.

பதினான்கு சொற்களின் கணக்கு

வேர்ப்பட்டியலின் புகழுக்குக் காரணமான ஒரு கணக்கை ஈண்டு ஆராய்தல் தகும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் பிரவுன் 1940களில் பதினான்கு தலைமைச் சொற்களை முன்வைத்தார். இவற்றுள் 20 முன்னொட்டுகளும் 14 வேர்களும் அடங்கியுள்ளன. இவ்வுறுப்புகளை அறிந்தால் கல்லூரி அகராதியில் 14,000க்கும் மேற்பட்ட சொற்களுக்கும், பேரகராதியில் ஏறத்தாழ 1,00,000 சொற்களுக்கும் வழி கிட்டும் என்பது அவர் கூற்று. இவ்வெண்கள் இன்றளவும் கையேடு தோறும் மீள மீள எடுத்தாளப்படுகின்றன.

இக்கணக்கில் ஒரு மயக்கம் உள்ளது. ஓர் உறுப்பு ஒரு சொல்லில் காணப்படுதல் வேறு. அவ்வுறுப்பினால் அச்சொல்லின் பொருள் விளங்குதல் வேறு. முன்னது எண்ணத்தக்கது, பின்னது எண்ணப்படவே இல்லை. தலைமைச் சொற்களையே சான்றாகக் கொள்வோம். அவற்றுள் முதலாவது ‘பிரீசெப்ட்’. ‘முன்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும் ‘கொள், எடு’ என்னும் பொருளுடைய வேரும் அதன் உறுப்புகள். இவ்விரண்டையும் கூட்டி ‘முன்னே எடுத்தல்’ என்று பெறலாம். அச்சொல்லின் பொருளோ ‘நெறியுரை’ என்பதாம். இரண்டாவது சொல் ‘டிட்டெய்ன்’. ‘விலகி’ என்பதும் ‘பிடி’ என்பதும் அதன் உறுப்புகள். ‘விலகிப் பிடித்தல்’ என்பதிலிருந்து ‘தடுத்து நிறுத்திவைத்தல்’ என்னும் பொருளை முன்பின் அறியாத மாணவர் ஒருவர் எவ்வாறு பெறுவார்? பொருளை அறிந்த பின்னர் உறுப்புகளை நோக்கினால் தொடர்பு புலனாகிறது. அறியுமுன் நோக்கினால் புலனாவதில்லை. பூட்டுக்கென்று செய்த சாவிகளே தம் பூட்டைத் திறவாதபோது ஏனைய 14,000 பூட்டுகளைத் திறக்கும் என்பதை எவ்வாறு ஏற்பது?

இந்தியாவில் பெருவழக்காகப் பயிலப்படும் நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ 1949இல் வெளிவந்தது. அதுவும் வேர்களை அடிப்படையாகக் கொண்ட நூலே. ஆயினும் அந்நூல் வேரை மட்டும் தந்து நின்றுவிடவில்லை. சொல்லை முதலில் ஒரு சூழலில் வைத்து அறிமுகப்படுத்தி, ஒலிப்பைக் காட்டி, பயிற்சிகள் பலவற்றால் மீள மீளப் பயிலச் செய்து, அதன் பின்னரே வேரின் கிளைகளை விரிக்கிறது. அதனைப் பின்பற்றி எழுந்த கையேடுகள் பயிற்சிகளைக் கைவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டன. பழத்தை எறிந்துவிட்டுத் தோலை விற்கும் வணிகம் இது.

ஒலியொப்புமை என்னும் இடறல்

பட்டியலின் முதற்குறை, வடிவ ஒப்புமையை வேரொற்றுமையாகக் காட்டுவது. ‘போர்ட்’ என்பதற்குச் ‘சுமத்தல்’ என்று ஒரே பொருள் எழுதி, ‘போர்ட்டர்’, ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘டிரான்ஸ்போர்ட்’ என எடுத்துக்காட்டுகள் அடுக்கப்படும். இவை யாவும் பொருந்துவனவே. ஆனால் மாணவர் அடுத்து எதிர்கொள்ளும் ‘பாஸ்போர்ட்’ இவ்வினத்தைச் சார்ந்ததன்று. துறைமுகத்தைக் கடந்துசெல்ல அளிக்கப்பட்ட இசைவு என்பதே அதன் வரலாறு. துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்டுஸ்’ என்னும் இலத்தீன் பெயர் அதன் அடி. ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்பதும் துறைமுகம் நோக்கி வீசும் காற்றைக் குறித்த சொல்லின் வழிவந்ததே. ‘போர்ட்டிக்கோ’ என்பதோ வாயிலைக் குறிக்கும் ‘போர்ட்டா’ என்பதோடு தொடர்புடையது. இருப்பூர்தி நிலையத்தில் சுமை தூக்குபவரும் போர்ட்டர்; இங்கிலாந்துக் கல்லூரி வாயிலில் காவல் இருப்பவரும் போர்ட்டர். முன்னவர் பெயர் சுமத்தலிலிருந்தும் பின்னவர் பெயர் வாயிலிலிருந்தும் வந்தவை. மிகத் தொன்மையான நிலையில் இவை மூன்றும் ஓர் அடியின் கிளைகளாகலாம் என ஒப்பியல் மொழிநூலார் கூறுவர். அவ்வுண்மை வரலாற்று ஆய்வாளர்க்கு உரியது. சொற்பொருள் தேடும் மாணவர்க்கு அது உதவாது.

‘பெட்’ என்பது இன்னொன்று. மிதிவண்டியின் ‘பெடல்’ இலத்தீனில் காலடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் ‘பீடியாட்ரிக்ஸ்’ கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க எழுத்துக்கூட்டலில் மறைந்துவிடும். இரண்டு எழுத்துக்கூட்டல்களும் கலந்து வழங்கும் நம் நாட்டில், பட்டியலை நம்பிய மாணவர் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் என்று கொள்வதில் வியப்பில்லை.

இவற்றினும் இடர் மிக்கது ‘இன்’ என்னும் முன்னொட்டு. இலத்தீனில் இவ்வடிவில் இரண்டு ஒட்டுகள் உண்டு. ஒன்று எதிர்மறை, ‘இன்விசிபிள்’ என்பதில் வருவது. மற்றொன்று ‘உள்ளே, மேலே’ என்னும் பொருளது. ‘இன்ஸ்பெக்டர்’ என்பதில் வருவது. நம் நெடுஞ்சாலைகளில் எரிபொருள் ஏற்றிச்செல்லும் ஊர்திகளின் பின்புறம் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இங்குள்ள ‘இன்’ எதிர்மறை அன்று. எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். பட்டியல் வழி நிற்பவர் ‘தீப்பற்றாதது’ என்று கொள்ளக்கூடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் இம்மயக்கம் நேரும் என அஞ்சியே இருபதாம் நூற்றாண்டில் தீப்பாதுகாப்புத் துறையினர் ‘ஃபிளேமபிள்’ என்னும் வடிவத்தை எச்சரிக்கைகளில் பரிந்துரைத்தனர். எதிர்மறையே வரும் இடத்தும் இடர் தீர்வதில்லை. ‘இன்வேல்யுவபிள்’ என்பதற்கு ‘மதிப்பற்றது’ என்று பொருள் எழுதும் மாணவர் பலர். ‘மதிப்பிட இயலாத அளவு உயர்ந்தது’ என்பதே அதன் பொருள்.

‘ஆறு’ என்னும் வடிவம் எண்ணையும் நீர்ப்பெருக்கையும் குறித்தலால் இரண்டும் ஒரு சொல்லே என்று தமிழ் கற்ற எவரும் சொல்லார். தம் மொழியில் பெயராலும் வினையாலும் சூழலாலும் பிரித்தறிந்து பழகிய மாணவரிடம், ஆங்கிலத்துக்கு வரும்போது மட்டும் வடிவத்தையே நம்புக என்று கூறுவது அவரது அறிவைப் பின்னோக்கி நடத்துவதாகும்.

வேரும் பொருளும்

பட்டியலின் இரண்டாம் குறை இதனினும் ஆழமானது. வேர் சரியாகவே அறியப்பட்ட இடத்தும் அது பொருளைத் தருவதில்லை. பொருளின் பழைய வரலாற்றையே தருகிறது. இலத்தீனில் குடித்தலைக் குறித்த ஒரே சொல் ஆங்கிலத்தில் இருமுறை புகுந்தது. கற்றோர் வழிவந்த ‘போஷன்’ குடிக்கும் மருந்துநீரைக் குறித்தது; பிரெஞ்சு வழிவந்த ‘பாய்சன்’ நஞ்சைக் குறித்தது. வேர் ஒன்றே, பொருளோ மருந்தும் நஞ்சுமாய்ப் பிரிந்தது. ‘லீகல்’, ‘லாயல்’ என்னும் இரண்டும் இவ்வாறே ஒரே இலத்தீன் சொல்லின் இரு வடிவங்கள். ஒன்று சட்டப்படியானதையும் மற்றொன்று பற்றுறுதியையும் குறிக்கின்றன. ‘கொல்லுதல்’ என்று பட்டியலில் எழுதப்படும் வேர் ‘சூயிசைட்’, ‘ஹோமிசைட்’ என்பவற்றில் நன்கு பொருந்தும். பூச்சிக்கொல்லி என்னும் தமிழாக்கமும் அதனையொட்டியதே. அதே வேரின் வழிவந்த ‘டிசைட்’ என்பதில் கொலை இல்லை. வெட்டுதல் என்னும் மற்றொரு பொருளின் வழி ‘முடிவெடுத்தல்’ அங்கே வந்தது. ‘மேனுஃபேக்சர்’ என்பது உறுப்புகளால் ‘கையால் செய்தல்’ ஆகும். கை படாமல் இயந்திரம் செய்வதையே இன்று அது பெரும்பாலும் குறிக்கிறது. உரோமானியர் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய காலத்தில் பத்தாம் திங்களாக இருந்த டிசம்பர், ‘பத்து’ என்னும் வேரைச் சுமந்துகொண்டே பன்னிரண்டாம் திங்களாக நிற்கிறது.

இது தமிழ் அறிந்தார்க்குப் புதிய செய்தியன்று. எள்ளின் நெய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்று வழங்கத் தொடங்கிய நாளிலேயே எள் அச்சொல்லிலிருந்து நீங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவார் யாருமிலர். நறுமணத்தையும் குறித்த நாற்றம் இன்று தீநாற்றத்தை மட்டுமே குறிக்கிறது. தமிழிலக்கணம் இதனைக் கோட்பாடாகவே வகுத்துள்ளது. தொல்காப்பியர் உரியியலில், சொற்கள் பொருளுணர்த்துவதற்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்னும் கருத்தைக் கூறியுள்ளார். காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. அது மேற்போக்காக நோக்குவார்க்குப் புலப்படாது என்பதே கருத்து. பின்வந்தோர் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பகுத்ததோடு அமையாது, காரண இடுகுறி என ஒரு வகையையும் கண்டனர். முள்ளுடைய செடிகள் பல இருப்பினும் முள்ளி என்பது ஒன்றற்கே பெயராயிற்று. காரணம் பெயருக்கு வாயிலாயிற்று; பெயரின் எல்லையை வழக்கே வகுத்தது. ஆங்கிலத்திலுள்ள இலத்தீன் வழிச் சொற்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே என்று கொண்டால் குழப்பம் தீரும்.

‘வேக்சின்’ என்னும் சொல்லை நோக்குக. ‘வாக்கா’ என்பது இலத்தீனில் பசு. எட்வர்டு ஜென்னர் 1798இல் வெளியிட்ட நூலில் பசுவம்மை குறித்து எழுதினார். அந்நோய்ப்பொருளைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறைக்கு அப்பெயர் வந்தது. 1881இல் லூயி பாஸ்டர், ஜென்னரைச் சிறப்பிக்கும் வகையில் ஏனைய நோய்த் தடுப்புகளுக்கும் அப்பெயரை விரித்துரைத்தார். ‘பசு’ என்று பட்டியலில் கற்றவர்க்கு இச்சொல் விளங்காது. இவ்வரலாற்றைக் கற்றவரோ சொல்லையும் மறவார்; அறிவியல் வரலாற்றின் ஒரு பக்கத்தையும் அறிவார். வேர் பயன்தரும் இடம் இதுவே.

தமிழ் மாணவரின் கைப்பொருள்

வேர்ப்பட்டியல்கள் மறைத்துவிடும் மற்றொன்று, இலத்தீனின் ஒலித்திரிபு விதிகள். எதிர்மறை ‘இன்’ என்பது ‘இம்பாசிபிள்’ என்பதில் ‘இம்’ எனவும், ‘இல்லீகல்’ என்பதில் ‘இல்’ எனவும், ‘இர்ரெகுலர்’ என்பதில் ‘இர்’ எனவும் திரிகிறது. கையேடுகள் இவற்றை நான்கு தனி முன்னொட்டுகளாக எண்ணிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தமிழ் மாணவர்க்கு இது புணர்ச்சி. மரம் என்பதன் மகரம், கள் விகுதியின் ககரத்துக்கு முன் ஙகரமாகத் திரிந்து மரங்கள் ஆகிறது. கல்லும் மலையும் புணர்ந்து கன்மலை ஆகிறது. வருமொழி முதலெழுத்துக்கு இயைய நிலைமொழி ஈறு திரியும் என்னும் ஒரே தொடரால் நான்கு முன்னொட்டுகளும் ஒன்றாகிவிடுகின்றன.

‘நோக்கி’ என்னும் பொருளுடைய ‘அட்’ என்பதும் இத்தகையதே. ‘அக்செப்ட்’, ‘அஃபெக்ட்’, ‘அப்ளை’, ‘அசிஸ்ட்’, ‘அட்டெண்ட்’ ஆகிய சொற்களின் எழுத்துக்கூட்டலில் மெய் இரட்டித்து நிற்பதன் காரணம் இத்திரிபே. மாணவர் பெரிதும் பிழைபட எழுதும் ‘அக்காமடேஷன்’ என்னும் சொல்லில் ககர ஒலிக்குரிய எழுத்தும் மகர ஒலிக்குரிய எழுத்தும் இரட்டித்து வரவேண்டும். ‘அட்’, ‘காம்’ என இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து நிற்பதையும், முன்னதன் ஈறு பின்னதன் முதலெழுத்தாகத் திரிந்ததையும், பின்னதன் மகரம் வேரின் மகரத்தோடு சேர்ந்ததையும் காட்டினால் அப்பிழை நேராது. எழுத்துக்கூட்டல் மனப்பாடமாக இருந்தது இலக்கணமாகிவிடும்.

வேரின் உயிர் மாறுவதும் அவ்வாறே. பிடித்தல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய ‘கப்’ என்னும் இலத்தீன் அடி ‘கேப்ச்சர்’ என்பதில் அகர எழுத்தோடு நிற்கிறது. முன்னொட்டு ஏறியவுடன் உயிர் மெலிந்து ‘ரிசிப்பியன்ட்’, ‘ரிசெப்ஷன்’ ஆகிறது. பிரெஞ்சு வழிவந்தபோது ‘ரிசீவ்’ என மேலும் உருமாறுகிறது. பட்டியல் இவற்றை வெவ்வேறு வேர்களாக வெவ்வேறு வரிசையில் எழுதும். வந்தனன் என்னும் சொல்லை வா, த், த், அன், அன் எனப் பிரித்து, பகுதி ‘வ’ எனக் குறுகியதும் சந்தித் தகரம் நகரமானதும் விகாரம் என்று எழுதிப் பழகிய மாணவர்க்கு இது கடினமன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளைப் பள்ளியிலேயே கற்ற ஒருவர், பகுத்தல் என்பதையே அறியாதவர் போல் ஆங்கில வகுப்பில் நடத்தப்படுகிறார். அவரும் அவ்வாறே தம்மைக் கருதிக்கொள்கிறார். இதனால் விளையும் தாழ்வுணர்ச்சியே சொற்குறைவினும் பெரிய இழப்பு.

சொல் வழக்கில் ஊன்றிய பின்னர் வேர் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதற்கு இந்தியரே ஒரு சான்று தந்துள்ளனர். ஒத்திவைத்தலைக் குறிக்கும் ‘போஸ்ட்போன்’ நம் அலுவலகங்களில் நாள்தோறும் வழங்கும் சொல். ‘பின்’ என்பதும் ‘வை’ என்பதும் அதன் உறுப்புகள். முன்கூட்டி நடத்துவதற்கு ஒரு சொல் வேண்டியபோது ‘ப்ரீபோன்’ என்பது வழக்கில் வந்தது. இந்திய ஆங்கில வழக்கு என்னும் குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதிகளில் அது இடம்பெற்றுள்ளது. இதனை ஆக்கியவர் எவரும் இலத்தீன் பட்டியலைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை. நன்கு அறிந்த ஒரு சொல்லின் அமைப்பை உணர்ந்திருந்ததே போதுமானதாயிற்று.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும். ஆங்கிலம் கற்பித்தல் ஆங்கிலத் துறையின் பணி. தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை என்பது முதலாவது. தமிழகத்துக்கு வெளியே இயங்கும் தமிழ்த் துறைகளில் இக்கேள்விக்கு இடமே இல்லை. அங்கே ஆய்வு மாணவர் தம் ஆய்வைப் பிற துறையார்க்கு எடுத்துரைக்கவும், தமிழ் குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களைப் பயிலவும் ஆங்கிலக் கல்விசார் சொற்களின்றி இயலாது. தமிழகத்துத் துறைகளுக்கும் இது பெரிதும் பொருந்தும். மேலும் இலத்தீன் தமிழாய்வுக்கு அயலானதன்று. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இரண்டும் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவர்கள் இலத்தீன் வழித் தமிழை நோக்கினர். நாம் தமிழிலக்கண வழி இலத்தீன் கூறுகளை நோக்குவதில் பிழையில்லை.

இரண்டாவது வாதம் நம்முள்ளிருந்தே எழுவது. இலத்தீன் வேர்கள் யாவும் தமிழிலிருந்து சென்றவையே. ஆதலின் தமிழ் வேரைக் கற்றாலே ஆங்கிலம் விளங்கும் என்பர் சிலர். ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்த இரு சொற்களை அருகருகே வைத்து உறவு நாட்டும் இம்முறை, ‘பாஸ்போர்ட்’டில் சுமையைக் கண்ட கையேட்டின் முறையே அன்றி வேறன்று. ஒழுங்கான ஒலிமாற்ற விதியும் வரலாற்றுச் சான்றும் இன்றி உறவு கூறுதல் ஆய்வாகாது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் தனிக்குடும்பமாக நிறுவியது முறையான ஒப்பீட்டினாலேயே. இலத்தீனுக்கு உறவாகக் காட்டத்தக்க சொற்கள் தமிழில் இல்லாமலும் இல்லை. தந்தம், பாதம், நாமம் என்னும் வடசொற்கள், ‘டென்டிஸ்ட்’, ‘பெடல்’, ‘நாமினேஷன்’ ஆகியவற்றின் அடிகளோடு இந்தோ-ஐரோப்பிய உறவுடையவை. இவ்வுறவைச் சரியாகச் சுட்டுவது நினைவுக்கும் உதவும். உண்மைக்கும் ஊறு செய்யாது.

மூன்றாவது, இலக்கணப் பகுப்பே வேண்டாம். பேசப் பழகினால் சொற்கள் தாமே வரும் என்பது. அன்றாடச் சொற்களுக்கு இது பொருந்தும். கல்விசார் சொற்கள் பேச்சில் மிகுதியாக வருவதில்லை. நூலில் மட்டுமே எதிர்ப்படும் சொல்லுக்கு நூல்வழிப் பயிற்சியே வேண்டும். பகுப்பை முற்றிலும் விலக்கினால், இல்லத்தில் ஆங்கிலம் வழங்கும் மாணவர்க்கும் ஏனையோர்க்கும் இடையிலான இடைவெளி மேலும் விரியும்.

செய்யத்தக்கன

கற்பித்தலின் வரிசையை மாற்றுதல் முதற்பணி. பாடப்பகுதி முதலில், சொல் இரண்டாவது, வேர் இறுதியில். பாவர், நேஷன் ஆகியோர் 1993இல் ஆங்கில ஒட்டுகளைப் பயில்நிலை நோக்கி ஏழு படிகளாக வகுத்தபோது, வழக்கில் மிகுதியாக வருவனவும் ஒழுங்காக அமைவனவும் முன்வைக்கப்பட்டன. செவ்வியல் மொழி வேர்களும் ஒட்டுகளும் ஏழாம் படியிலேயே வைக்கப்பட்டன. நம் கையேடுகள் ஏழாம் படியில் ஏறி நின்று முதற்படியைத் தேடுகின்றன.

ஒரே வேரின் சொற்கள் மூன்றேனும் மாணவர்க்குத் தெரிந்திருந்தாலன்றி அவ்வேரைக் கற்பித்தல் கூடாது என்பது இரண்டாவது. ‘இன்ஸ்பெக்டர்’, ‘ரெஸ்பெக்ட்’, ‘சஸ்பெக்ட்’ என்பன தெரிந்த மாணவரே பார்த்தல் என்னும் வேரை அவற்றில் காணவியலும். அவ்வாறு காண்பது அவரது கண்டுபிடிப்பாகவே இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு வேரோடும் அதனோடு மயங்கும் போலி வேரையும், பொருள் விலகிச் சென்ற ஒரு சொல்லையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். நான்காவதாக, புணர்ச்சியும் பகுபதமும் கற்பிக்கும் தமிழ் வகுப்பிலேயே இலத்தீன் வழிச் சொற்கள் சிலவற்றை ஒப்புநோக்காகக் காட்டலாம். கலைச்சொல்லாக்கப் பாடமும் இதற்கு ஏற்ற களம். ‘டிரான்ஸ்லேஷன்’ என்பதன் இலத்தீன் மூலம் ஓரிடத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்லுதலைக் குறிக்கிறது. தமிழில் பெயர்த்தல் என்பதும் இடம் மாற்றுதலே. வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைத் தொல்காப்பிய மரபியல் குறிப்பிடுதலின், இச்சொல் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கியதன்று. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கருத்தை ஒரே உருவகத்தால் உணர்த்தியமை மாணவர் மனத்தில் நிற்கும்.

முடிவுரை

ஆங்கிலத்தில் இலத்தீன் வழிச் சொற்கள் மிகுதி என்பது உண்மை. சில நூறு வேர்களை மனப்பாடம் செய்தால் அவையெல்லாம் விளங்கும் என்பது அவ்வுண்மையிலிருந்து பெறப்படாத முடிவு. வடிவொப்புமை மயக்கும், பொருள் வழக்கால் விலகும், ஒலி திரியும். இம்மூன்றையும் கற்பியாத பட்டியல், விரைந்து கற்கும் ஆர்வமுடைய மாணவரின் நேரத்தை வாங்கிக்கொண்டு பொய்யான துணிவை அவருக்கு அளிக்கிறது. இம்மூன்றையும் தம் மொழியிலேயே இலக்கணமாகக் கற்றவர் தமிழ் மாணவர். அவ்விலக்கணம் தேர்வு முடிந்தவுடன் மறக்கத்தக்க பாடமன்று, எம்மொழிச் சொல்லையும் பகுத்து நோக்கும் கருவி என்பதை அவருக்கு உணர்த்தும் பொறுப்பு நம்முடையது. அதனை நாம் செய்யாதவரை, அவ்விடத்தைக் கையேடுகளே நிரப்பும்.